யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

எழுத்தை நம்பி வேலை தேடுகிற பிள்ளைகள் தென்காசி வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்லூரி மலரில் கதை எழுதியவர், பேச்சுப் போட்டிக்குப் போகிற தோழிகளுக்கெல்லாம் உரை எழுதிக் கொடுத்தவர், குற்றாலச் சாரலைப் பற்றி முகநூலில் எழுதி ஊர்க்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கியவர் என்று பல வகை. இவர்களோடு உட்கார்ந்து பேசினால் ஒரு விஷயம் பிடிபடும். ‘எனக்கு எழுத வராது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இன்னும் ஒரு தடவை திருத்திட்டு அனுப்பலாம்னு இருக்கேன்’, ‘அவங்ககிட்ட போய் எப்படிக் கேக்குறது, தப்பா நினைப்பாங்க’, ‘சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்’ என்றுதான் சொல்கிறார்கள். தன்மேல் உள்ள சந்தேகம் பெரும்பாலும் இப்படித் தள்ளிப்போடுவதாகத்தான் வெளியே தெரியும்.

சென்ற அத்தியாயத்தில் நாலைந்து மாதிரிப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரே கோப்பாக்கி வைத்தோம். அந்தக் கோப்பு கைபேசியிலேயே கிடந்தால், எழுத்தில் குறை இருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அதை யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். உதவி கேட்பதும் எழுத்து வேலையில் சேர்ந்ததுதான். தலைப்பு வைக்கப் பழகுகிற மாதிரி அதையும் பழகிக்கொள்ளலாம். பழகுவதற்கு நம் பக்கத்திலேயே நல்ல பாடங்கள் இருக்கின்றன.

கடையத்திலிருந்து போன கடிதங்கள்

தென்காசியில் திருநெல்வேலி ரயில் ஏறினால் பாவூர்சத்திரத்துக்கு அப்புறம் கீழக்கடையம் வரும். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். டிசம்பரில் விடுதலையானதும் அவர் வந்து சேர்ந்தது மனைவி செல்லம்மாவின் பிறந்த ஊரான கடையத்துக்குத்தான். அப்போது அவருக்கு வயது 36. சொந்தப் பத்திரிகை கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, இரண்டு பெண் குழந்தைகள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் போலீஸ் மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இந்த நிலையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் கடையத்தில் இருந்துகொண்டே அவர் உதவி கேட்டு எழுதினார். அந்த முயற்சிகளில் மூன்றை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். புலவன் அரசனிடம் பரிசு கேட்டு எழுதும் பழைய முறை அது. எட்டயபுரம் அவர் பிறந்து வளர்ந்த ஊர். அந்த அரண்மனையில் அவர் வேலையும் பார்த்திருக்கிறார். அப்படியிருந்தும் உதவி வரவில்லை. அரசாங்கத்தின் சந்தேகப் பட்டியலில் இருந்த ஒருவருக்குக் கை கொடுப்பது ஜமீனுக்கு எவ்வளவு சங்கடம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

1920இல் இன்னொரு முயற்சி. தம் கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடுவது என்று திட்டம் போட்டார். தொடக்கச் செலவு 20,000 ரூபாய். நண்பர்கள் ஆளுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் கடன் கொடுத்தால், முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்து மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியும் தருவதாகச் சுற்றறிக்கை அனுப்பினார். அந்தத் திட்டமும் நிறைவேறவில்லை. இன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்க்கிறவர்களுக்குத் தமிழ்ப் புத்தகத்தின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கைதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அன்றைக்கு அந்தக் கடிதத்தைப் பிரித்த ஒரு சாதாரண நண்பருக்கு 100 ரூபாய் பெரிய தொகை. மனம் இருந்தாலும் கை நீள்வது கஷ்டம்.

மூன்றாவது, ‘சுதேசமித்திர’னோடு அறுபடாமல் வைத்திருந்த தொடர்பு. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவரைச் சென்னைக்கு அழைத்து உதவி ஆசிரியராக்கியது ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன்தான். புதுச்சேரி வாசத்தின் பிற்பகுதியிலும் அவர் அதற்கு எழுதிவந்தார். கடையத்திலிருந்தும் எழுதினார். தடைகள் நீங்கியதும், 1920 நவம்பரில், ஏ. ரங்கசாமி ஐயங்கார் ஆசிரியராக இருந்த அதே பத்திரிகையில் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறையும் வரை அங்கேதான் இருந்தார்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டவர் ஒருவரே. திறமை மூன்றிலும் ஒன்றே. பலித்தது எது? அவருடைய எழுத்தை நாள்தோறும் பார்த்துப் பழகிய இடம், கொடுக்கக்கூடிய அளவில் ஒன்றைக் கொடுத்த இடம். அதனால் வேலை தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது தங்கள் எழுத்தில் ஒரு பக்கமாவது படித்த ஆளை. பெரிய மனிதரா, செல்வாக்கு உள்ளவரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. சந்தேகம் வந்து நெஞ்சை அடைக்கிற ராத்திரிகளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: பாரதி எழுதிய கடிதத்துக்கே உதவி வரவில்லை. பதில் வராத கடிதத்தை வைத்து யாருடைய எழுத்தையும் எடை போட முடியாது. அது கேட்கப்பட்டவரின் நிலைமையைத்தான் காட்டும். அந்த நிலைமை நமக்குத் தெரிவதும் அபூர்வம்.

தென்காசிக்காரர் ஒருவர் கதவைத் திறந்தபோது

கேட்டவரின் கதையைப் பார்த்தாயிற்று. கொடுத்தவரின் கதையையும் பார்க்க வேண்டும், அதுவும் தென்காசிக் கதைதான். டி.எஸ். சொக்கலிங்கம் 1899இல் தென்காசியில் பிறந்தவர். கலெக்டர் ஆஷ் கொலை வழக்கில் அண்ணன் சிதம்பரம் பிள்ளை கைதானதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் குடும்பக் கடையைப் பார்க்க வேண்டி வந்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காத அந்தப் பையன் பிறகு வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நா’ட்டில் பத்திரிகைத் தொழில் கற்று, ‘காந்தி’ என்ற பத்திரிகையைத் தாமே நடத்தி, 1933இல் கு. சீனிவாசன், வ.ரா. ஆகியோருடன் ‘மணிக்கொடி’ இதழைத் தொடங்கினார். 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில், ‘தினமணி’ வெளிவந்தபோது அதன் முதல் ஆசிரியர் அவரே. பிற்காலத்தில் டால்ஸ்டாயின் ‘வார் அண்ட் பீஸ்’ நாவலைப் ‘போரும் வாழ்வும்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘டிகிரி இல்லையே, யார் மதிப்பார்கள்’ என்று தயங்குகிறவர்கள் இவரை அறிந்துகொள்வது நல்லது.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்த சொ. விருத்தாசலம் வேலை இல்லாமல் இருந்த காலத்தில், அவருடைய எழுத்து முதன்முதலாக அச்சேறியது 1933இல், சொக்கலிங்கத்தின் ‘காந்தி’யில். விருத்தாசலம்தான் புதுமைப்பித்தன். சென்னைக்குப் போனார். காரைக்குடி ‘ஊழியன்’ பத்திரிகையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வெளியே வந்தார். மணிக்கொடியில் கதை மேல் கதையாக எழுதினார். கதைகளுக்குப் பெயர் கிடைத்தது, வீட்டுச் செலவுக்கு வழி கிடைக்கவில்லை. கடைசியில் அவருக்கு ஓரளவு நிலையான சம்பளத்தைக் கொடுத்தது சொக்கலிங்கத்தின் தினமணி. 1943இல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் சொக்கலிங்கம் வெளியேறியபோது, உதவி ஆசிரியர்கள் சிலரோடு புதுமைப்பித்தனும் கூடவே வெளியேறினார். சொக்கலிங்கம் ‘தினசரி’யைத் தொடங்கியதும் அங்கேயும் சேர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஒரு சிறிய படைப்பு அச்சாகிறது. ஆசிரியர் அந்தப் பெயரை மனத்தில் குறித்துக்கொள்கிறார். மேலும் சில படைப்புகள் அவர் கண்ணில் படுகின்றன. வேலை காலியாகும்போது அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வருகிறது. இன்றைக்கும் செய்தி அறைகளிலும் விளம்பர நிறுவனங்களிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஆகவே உள்ளூர் இதழுக்கு எழுதும் ஒரு பக்கத்தையோ, புத்தக விமர்சனக் கூட்டத்தில் படிக்கும் கட்டுரையையோ ‘இதெல்லாம் ஒரு எழுத்தா’ என்று ஒதுக்காதீர்கள்.

உங்கள் பட்டியல்

ஒரு தாளை எடுத்து, உங்கள் எழுத்தைப் படித்தவர்கள் பெயரை எல்லாம் எழுதுங்கள். தமிழாசிரியை, நூலகர், கல்லூரி சீனியர், கட்டுரையைப் பாராட்டி ஒரு வரி பதில் போட்ட உதவி ஆசிரியர், கூட்டத்தில் கைகுலுக்கிய எழுத்தாளர், பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா. நெருங்கிய சிநேகிதர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களிடம் ‘வேலையைச் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்’ என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, எப்போதோ ஒரு தடவை என்றவர்கள் 27.8. காரணம் எளிது. தினமும் கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருக்கிறவருக்குத்தான் நமக்குத் தெரியாத இடம் தெரியும்.

தென்காசியில் இருப்பது குறை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வ.உ.சி. நூலகம் இருக்கிறது, திருவள்ளுவர் கழகம் இருக்கிறது. நாளிதழ்களின் திருநெல்வேலிப் பதிப்புகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பகுதி நிருபர்கள் வேண்டும். மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் போதாது, உதவிக் குறிப்புகளைத் தெளிவாக எழுதவும் தமிழாக்கவும் ஆள் வேண்டும். கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் இருக்கிறது. இடைகால் ஊரில் இருந்துகொண்டு வங்கி வேலையும் பார்த்து, தமிழ்க் கவிதையில் தமக்கென்று ஓர் இடம் பிடித்தவர் கலாப்ரியா. வண்ணதாசனும் வங்கியில் வேலை பார்த்தவர்தான். எழுத்து வேலை கிடைக்கும் வரை வேறு வேலை பார்ப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. சீசனுக்குக் கடையில் நின்று நேந்திரம் சிப்ஸ் விற்றுக்கொண்டே எழுதலாம். பசியோடு இருக்கும்போது எழுதுகிற விண்ணப்பத்தில் பதற்றம் தெரியும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் நிதானமாகக் கேட்க முடியும்.

கடிதம்

வாட்ஸாப்பில் அடிக்கடி வருகிற செய்தி இது:

‘வணக்கம் சார். எழுத்துத் துறையில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லவும். எந்த வேலையானாலும் செய்வேன்.’

இதில் பணிவு இருக்கிறது, ஆனால் வாங்குகிறவர் தலையில் எல்லா வேலையையும் ஏற்றிவிடுகிறது. இவர் யார், என்ன எழுதுவார், நான் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவரே யோசிக்க வேண்டும். ‘சரி தம்பி, பார்க்கலாம்’ என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை.

இப்போது இதைப் பாருங்கள்:

‘அண்ணாச்சி, வணக்கம். நான் இலஞ்சி செல்வி. போன வருஷம் நூலகத்தில் நடந்த விமர்சனக் கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றிப் பேசினேன். அதைக் கட்டுரையாக எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன், இரண்டு பக்கம், இத்துடன் இருக்கிறது. இப்போது நாளிதழ்களில் உதவி ஆசிரியர் வேலைக்கு முயற்சி பண்ணுகிறேன். ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதப் பழகிவருகிறேன். நீங்கள் பல வருஷம் டெஸ்கில் இருந்தவர்கள். எழுத்துத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் போனில் சொல்ல முடியுமா, அண்ணாச்சி? எந்த நேரம் சௌகரியம் என்று சொன்னால் நானே கூப்பிடுகிறேன். இப்போது முடியாவிட்டாலும் ஒன்றும் இல்லை.’

எங்கே பார்த்தோம் என்ற ஞாபகம், கையில் கொடுக்க இரண்டு பக்கம், பத்து நிமிஷம் என்ற அளவு, மறுப்பதற்கும் ஒரு வழி. இதில் வேலை கேட்கவே இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தின் முடிவில் ‘அங்கே ஒரு இடம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன், என் பேரைச் சொல்லி அனுப்பு’ என்று அண்ணாச்சியே சொல்ல வாய்ப்பு உண்டு.

ஒருவரிடம் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது, தகவல் சொல்வது, இன்னொருவரிடம் அறிமுகம் செய்துவைப்பது என்று உதவியில் வகை உண்டு. இந்த மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மனத்தாங்கல் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போங்கள்.

‘தொந்தரவாக நினைப்பார்களே’ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஃபிராங்க் ஃபிளின், வனெஸ்ஸா லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் உதவி கேட்கும்படி சிலரை அனுப்பினார்கள். போகும் முன், ‘எத்தனை பேரிடம் கேட்டால் காரியம் முடியும்’ என்று ஊகிக்கச் சொன்னார்கள். உண்மையில் கேட்க வேண்டி வந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பேரை அவர்கள் ஊகித்திருந்தார்கள். கேட்கிறவர் மறுப்பைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். எதிரே இருப்பவருக்கு மறுப்பதுதான் சங்கடம். முன்பின் தெரியாதவர்களிடமே இப்படி என்றால், உங்கள் கட்டுரையை ஏற்கெனவே படித்தவரிடம் தயங்குவதற்குக் காரணம் இன்னும் குறைவு.

கேட்பதற்கு முன்னால் எழுத்தைச் சேர்ந்து படிக்க இரண்டு பேர் இருந்தால் இன்னும் தெம்பு வரும். திருநெல்வேலி வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்திய ரசிகமணி டி.கே.சி., பிற்காலத்தில் குற்றாலத்துக்கே வந்து 1954இல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். ஊர் ஊராக இருந்த இளைஞர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் விடாமல் கடிதம் எழுதினார். அவ்வளவு பெரிய ரசிகர் நமக்குக் கிடைக்காமல் போகலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் வாய்விட்டுப் படித்தாலே, எங்கே வாக்கியம் இடறுகிறது, எங்கே நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சந்தேகம் முழுவதும் போகாது, ஆனால் ‘நான் மோசம்’ என்பது ‘மூன்றாவது பத்தி மோசம்’ என்று சுருங்கும். மூன்றாவது பத்தியைத் திருத்திவிடலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

உதவி என்ற பெயரில் வருவதெல்லாம் உதவி கிடையாது. வேலை தருகிறேன், முதலில் டெபாசிட் கட்டு என்று கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் பணம் கட்ட வேண்டிய அவசியம் எங்கும் இல்லை. தேர்வுக்காக ஒரு பக்கம் எழுதித் தரலாம். பத்துக் கட்டுரை கேட்டால் அது தேர்வு இல்லை, இலவச வேலை. சொல்லுக்கு எவ்வளவு, பக்கத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். பெண்கள் உதவி கேட்கும்போது பகல் நேரப் போன் பேச்சு, நூலகம், அலுவலகம் என்று இடத்தையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரின் உதவி வேண்டாம்.

வீட்டிலும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் ‘இப்ப என்ன பண்றே?’ என்று கேட்கும்போது தலைகுனிந்து ‘சும்மாத்தான் இருக்கேன்’ என்று சொல்லாதீர்கள். ‘பத்திரிகை வேலைக்கு முயற்சி பண்றேன் மாமா, மொழிபெயர்ப்பு நல்லா வரும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது பிரஸ்ஸுல இருக்காங்களா?’ என்று கேளுங்கள். மாமாவுக்கு யாரையும் தெரியாமல் இருக்கலாம். அவர் மருமகனுக்குத் தெரிந்திருக்கும்.

உதவியவருக்கு முடிவைச் சொல்லாமல் விடுவதுதான் எங்கும் நடக்கிற பெரிய தவறு. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள்: ‘நீங்கள் சொன்னபடி போனேன் அண்ணாச்சி, தேர்வு எழுதினேன், இந்தத் தடவை எடுக்கவில்லை, அடுத்த இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.’ அந்த ஒரு வரியால் அவர் உங்களை மறக்கமாட்டார். அடுத்த காலியிடம் காதில் விழும்போது அவர் உங்களைக் கூப்பிடுவார்.

வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம் ஆனதும் உங்களுக்கும் இப்படி ஒரு செய்தி வரும். சுரண்டையிலிருந்தோ ஆலங்குளத்திலிருந்தோ யாரோ ஒரு தம்பியோ தங்கையோ இரண்டு பக்கத்தை அனுப்பிவிட்டுப் பத்து நிமிஷம் கேட்பார்கள். அன்றைக்கே முடியாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.